ஆச்சி பிள்ளையைப் பிடிக்கலாமா?

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. டாக்டர் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டைச் சுற்றியிருக்கிற ஏதோ ஒரு ஸ்கேன் சென்டர், காலை பதினோரு மணி, வெளியே பெஞ்சில் பத்துப் பேர். உள்ளே பிள்ளை மேசையில் படுக்கமாட்டேன் என்று வீறிடுகிறது. "யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கோங்க" என்கிறார் டெக்னீஷியன். அம்மா முன்னால் வருகிறாள். கூட வந்த ஆச்சி அவளைக் கையால் ஒதுக்குகிறாள். "நீ வெளிய நில்லு தாயி, நான் பிடிச்சுக்கிடுதேன்." மகளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது ஆச்சிக்குத் தெரியும். அதை முன்பின் தெரியாத ஆம்பிளை முன்னால் மகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள் என்பதும் தெரியும்.

ஆச்சி எடுத்த முடிவு சரி. அதை ஆச்சியின் சாமர்த்தியத்துக்கு விட்டதுதான் தப்பு. கதிர் கொடுக்கிற பொத்தான் யார் கையில் இருக்கிறதோ, கேட்கவேண்டிய கடமையும் அவருக்குத்தான். கதிர்வீச்சுப் பாதுகாப்பில் அறம் என்று நான் நினைப்பது முக்கால்வாசி இதுதான்: டோஸ், அதாவது உடம்பில் ஏறும் கதிரின் அளவு, அதைக் கொடுப்பவர் முதலில் கேட்கவேண்டும், பிறகு சொல்லவேண்டும், கடைசியில் கணக்கும் காட்டவேண்டும். வாங்கிக்கொள்கிறவர் துருவித் துருவிக் கேட்டால்தான் பதில் வரும் என்றால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

பிள்ளையைப் பிடிக்கிற விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். யாருமே பிடிக்காமல் எடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பால் குடித்துக் கண் சொருகுகிற நேரமாகப் பார்த்து, கைகளை மேலே தூக்கிவைத்து, இடுப்புக்குக் கீழே துண்டால் இறுக்கிச் சுற்றி, தொடைமேல் ஒரு மணல்பை வைத்தால் பாதிப் பிள்ளைகள் அடங்கிவிடும். அடங்காத பிள்ளைக்கு மட்டும் ஆள் வேண்டும். அந்த ஆள் டெக்னீஷியனாக இருக்கக்கூடாது. அவர் தினமும் பிடித்தால் வருஷம் முந்நூறு நாள் பிடிக்கிறார், ஆச்சியோ ஆயுளில் இரண்டு மூன்று தடவை. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள பெண்ணும் கூடாது. பிடிப்பவருக்கு ஈய ஏப்ரன் கட்டாயம், குறைந்தது 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமானது. கதிர் விழும் சதுரத்தை நெஞ்சளவுக்குச் சுருக்கவேண்டும். குழந்தை நெஞ்சுக்குச் சிதறும் கதிரை வடிகட்டும் கிரிட் தேவையில்லை, வைத்தால் டோஸ்தான் கூடும். நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, அழுகிற பிள்ளை அசைவதற்குள் படம் விழுந்துவிடும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆச்சிக்குக் கிடைப்பது, அன்றைக்குக் காற்றிலும் மண்ணிலும் இருந்து அவளுக்கு எப்படியும் கிடைக்கிற அளவைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒழுங்காக நடந்ததா என்று படமே சொல்லிவிடும். நெஞ்சுப் படத்தின் ஓரத்தில் நாலு விரல் எலும்பும் ஒரு வளையலும் வெள்ளையாக விழுந்திருந்தால், சதுரத்தைச் சுருக்காமல் பெரியவர் கையையும் நேர்க்கதிரில் விட்டிருக்கிறார்கள். பிள்ளையின் வயிறும் தாடையும் முழுசாகத் தெரிந்தாலும் அதே தப்பு. டிஜிட்டல் வந்தபிறகு இன்னொரு பழக்கம் சேர்ந்திருக்கிறது. அகலமாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். படம் அழகாக இருக்கும், பிள்ளைக்குப் போன கதிரை வெட்ட முடியாது. டோஸ் கூடினாலும் படம் கறுத்துப் போகாமல் கம்ப்யூட்டர் சரிசெய்துவிடுவதால், "கொஞ்சம் கூடுதலாவே வச்சுக்கிடுவோம், ரிப்பீட் வராது" என்று செட்டிங் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். பழைய ஃபிலிமில் டோஸ் கூடினால் படமே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது மனசாட்சிதான் காட்டிக்கொடுக்கவேண்டும்.

இந்தத் துறையின் மூன்று விதிகளைப் படித்தவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: தேவை இருக்கவேண்டும், தேவையான அளவுக்குள் முடிந்தமட்டும் குறைக்கவேண்டும், வரம்பைத் தாண்டக்கூடாது. 1928-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இது. இந்த விதிகளுக்கு அடியில் இருக்கிற அறத்தைத் தனி நூலாக எழுதி வெளியிட 2018 வரை ஆனது. நன்மை செய், தீங்கு செய்யாதே. தெரியாத இடத்தில் நிதானமாகப் போ. பாரத்தையும் பலனையும் நியாயமாகப் பங்கிடு. எதிரில் இருப்பவரின் மாண்பை மதி. நாலும் எந்த ஊர்ப் பெரியவரும் சொல்லக்கூடியவைதான். எக்ஸ்ரே ரூமுக்குள் கொண்டுவரும்போதுதான் கஷ்டம் தெரிகிறது.

தேவை என்ற முதல் விதி பெரும்பாலும் எக்ஸ்ரே ரூமுக்கு வெளியேதான் தோற்கிறது. நாகர்கோவிலில் போன வாரம் எடுத்த சி.டி. ஸ்கேனை நெல்லையில் பார்க்கமாட்டார்கள், "எங்க சென்டர்ல ஒண்ணு எடுத்திருங்க" என்பார்கள். டோஸை அளக்கும் அலகு மில்லிசீவர்ட்; வயிற்று சி.டி. ஒன்றுக்குச் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையாக ஒரு மனிதருக்குக் கிடைக்கும் உலகச் சராசரி வருஷத்துக்கு 2.4. அதாவது அந்த ஒரு வார்த்தையில் நாலு வருஷத்து இயற்கைக் கதிர் ஏறிவிடுகிறது. பன்னாட்டு ஆணையத்தின் கணிப்பான ஒரு சீவர்ட்டுக்கு (1,000 மில்லிசீவர்ட்) ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல் புற்றுநோய் அபாயம் என்பதை வைத்துப் பார்த்தால், 10 மில்லிசீவர்ட் என்பது 2,000 பேரில் ஒருவருக்குப் பின்னாளில் கூடுதலாக ஒரு புற்றுநோய். குடல்வால் வெடிக்கப்போகிறதா என்று பார்க்க எடுத்தால் இந்த 2,000-இல் ஒன்று ஒரு பொருட்டே இல்லை. முன்னே எடுத்த சி.டி.யைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு எடுத்தால், அந்த ஒன்றுக்கு யாரிடமும் நியாயம் சொல்ல முடியாது. சிடி தட்டையும் பென்டிரைவையும் மஞ்சப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோகும் நோயாளிகள் இந்த விதியைத் தங்களால் முடிந்தமட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே கணக்கு பயத்தையும் அளவோடு வைக்கச் சொல்கிறது. கர்ப்பம் என்று தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "கலைச்சிரலாமா டாக்டர்" என்று அழுதுகொண்டு வருகிற பெண்கள் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிசீவர்ட்டுக்கும் கீழே. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழ் கதிரைக் காரணம்காட்டிக் கருவைக் கலைப்பதில் நியாயமில்லை என்று பன்னாட்டு ஆணையம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு கிரீஸில் கதிர் பயத்தாலேயே பலர் கருவைக் கலைத்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கதிர் தொடவில்லை, தப்பான வார்த்தை தொட்டது. கதிரின் ஆபத்தை ஊதிப் பெரிதாக்குவதும் ஒரு தீங்குதான். அதை நல்ல நோக்கத்தோடு செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

நல்ல நோக்கம் தப்பாகப் போனதற்கு இன்னொரு உதாரணம், அடிவயிற்றில் வைக்கும் ஈயத் துண்டு. இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும்போது பிறப்புறுப்பை மறைத்து ஈயம் வைப்பது பல பத்தாண்டு வழக்கம். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அதை வழக்கமாகச் செய்யவேண்டாம் என்றது. இடம் மாறி வைத்தால் பார்க்கவேண்டிய எலும்பை மறைத்து மறுபடி எடுக்கவைக்கும். தானியங்கி செட்டிங் உள்ள மிஷினில் சென்சார்மேல் ஈயம் விழுந்தால், கதிர் போதவில்லை என்று மிஷின் கூடுதலாகக் கொடுக்கும். உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரையோ வெளியே வைத்த ஈயம் தடுக்காது. ஆனால் ஈயம் வைக்காவிட்டால் "கவனிக்காம எடுத்துட்டான்" என்று நினைக்கிற அம்மாவுக்கு இதை இரண்டு வரியில் பக்குவமாகச் சொல்லத் தெரியவேண்டும். அந்த இரண்டு வரியும் பாதுகாப்பு வேலையில் சேர்த்தி.

இனி வெளியே பெஞ்சில் இருக்கிற பத்துப் பேர். அவர்களுக்கு அந்தக் கதிரால் எந்தப் பலனும் இல்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. பொதுமக்களுக்கு வருஷ வரம்பு 1 மில்லிசீவர்ட் என்று வைத்ததற்கும், கதிர் வேலை செய்பவர்களுக்கு ஐந்து வருஷச் சராசரி 20, எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்று இந்தியாவில் வைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் காரணம் இதுதான். வேலைக்காரர் தெரிந்து வந்தவர், பயிற்சி பெற்றவர், கண்காணிப்பில் இருப்பவர். பெஞ்சுக்காரர் அப்படியில்லை. அதனால் அவருக்காகச் சுவர் வேலை செய்யவேண்டும். நேர்க்கதிர் விழும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல், மற்றச் சுவர்கள் 23 சென்டிமீட்டர், கதவுக்கு 1.7 மில்லிமீட்டர் ஈயம் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்கு. மறைப்பில்லாத ஜன்னல் வெளித்தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே இருக்கவேண்டும்.

காகிதத்தில் இது எல்லா இடத்திலும் சரியாக இருக்கும். கெடுகிற இடம் கதவு. ஈயம் தன் எடையிலேயே மெல்லத் தொய்கிற உலோகம். பலகையில் ஒட்டாமல் மேலே நாலு ஆணி அடித்துத் தொங்கவிட்டால், சில வருஷத்தில் தகடு கீழே இறங்கி மேலே விரலளவு சந்து விழும். தகடுகள் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு முட்டவைத்திருந்தால் அங்கேயும் சந்து. கதவைத் தட்டிப் பார்த்தால் தெரியாது. உள்ளே எக்ஸ்ரே போட்டு வெளியே கதிரை அளக்கும் சர்வே மீட்டரைக் கதவின் நாலு ஓரமும் நகர்த்தினால்தான் தெரியும். இதைவிட எளிய கோளாறும் உண்டு. சித்திரை வெயிலில் ஏசி நின்றுபோனால் கதவைத் திறந்துவைத்துவிடுவார்கள். திறந்த கதவுக்கு ஈயம் எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் என்ன?

டெக்னீஷியன் நெஞ்சில் ஏப்ரனுக்கு உள்ளே இருக்கவேண்டிய பேட்ஜைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது பல இடங்களில் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. அவர் வாங்கிய கதிரைப் பதிவுசெய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிப் படிக்கப்படும் அட்டை அது. ஒரு தவணையில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் விசாரணை வரும். வந்தால் முதலாளி முகம் சுளிப்பார், வேறு வேலைக்கு மாற்றுவார், சில இடத்தில் வேலையே போகும். ஆகவே பேட்ஜ் உள்ளே போய்விடுகிறது, மூன்று மாதமும் பூஜ்யம் வருகிறது. ஒப்பீட்டுக்காக வைக்கும் கன்ட்ரோல் பேட்ஜை எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே மாட்டிவைத்தாலும் அதே கதைதான். அதில் ஏறிய கதிரை எல்லார் கணக்கிலிருந்தும் கழித்துவிடுவார்கள். பூஜ்யம் என்று வருகிற ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடையும் நிர்வாகம், அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று விசாரிக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் இடத்தில் அளவுகோலே பொய் சொல்லப் பழகிவிடும். இதில் தொழிலாளியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அணு உலைப் பராமரிப்பில் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இதே கேள்வி உண்டு, வேறு வடிவில். கதிர் அதிகமான இடத்தில் ஒரு வால்வை மாற்ற ஒருவர் அரை மணி நேரம் நிற்பதற்குப் பதில் ஆறு பேர் ஐந்தைந்து நிமிடம் நின்றால் யாரும் வரம்பைத் தாண்டமாட்டார்கள். மொத்த டோஸ் குறையவே இல்லை, பங்குதான் பிரிந்தது. பழக்கமில்லாத கை என்றால் கூடவும் செய்யும். வரம்பு என்பது அதுவரை செலவழிக்கலாம் என்று கொடுத்த பணம் மாதிரி ஆகிவிடக்கூடாது. முதலில் மறைப்பு வைத்து, வெளியே மாதிரி வால்வில் ஒத்திகை பார்த்து, வேலை நேரத்தையே குறைத்துவிட்டு, அதன்பிறகுதான் ஆள் பிரிக்கும் பேச்சு எடுக்கவேண்டும்.

கூடங்குளத்துக்கு வந்தாயிற்று. திருநெல்வேலிச் சீமையில் கதிர் என்று பேச்செடுத்தால் அங்கேதான் போய் நிற்கும். 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம், 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது, இடையில் 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுக்குஷிமா உலை விபத்து, அதன்பின் இடிந்தகரை கடற்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்கள். 2013 மே மாதத்தில் உலையை அனுமதித்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள்மேல் போட்ட கிரிமினல் வழக்குகளைத் திரும்பப்பெற முயற்சி எடுக்கவேண்டும் என்றும் சொன்னது. சாதாரண நாளில் உலையால் சுற்றுப்புறத்துக்குப் போகும் கதிர் 1 மில்லிசீவர்ட்டில் மிகச் சிறு பங்கு என்கின்றன அரசுக் கணக்குகள். அந்த எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "மணவாளக்குறிச்சி மணல்ல இதைவிட எத்தனையோ மடங்கு இருக்கு, அவங்க நல்லாத்தானே இருக்காங்க" என்று அந்தப் பெண்களின் வாயை அடைத்த வாதம் அறமில்லாத வாதம். அங்கே உள்ள மோனசைட் மணலில் கதிர் வீசும் தோரியம் இருப்பது உண்மை. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த நீண்ட ஆய்வில் அப்படிப்பட்ட மணலில் வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை என்பதும் உண்மை. மணலை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை, உலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தவர் பதில் சொல்லவேண்டும். மின்சாரம் பல மாநிலங்களுக்குப் போகிறது, அவசரகாலத் திட்டத்தின் 16 கிலோமீட்டர் வட்டமோ இந்தக் கரையில்தான் விழுகிறது. எரிந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியம் 239 பாதியாகக் குறைய 24,000 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கே சில ஆயிரம் வருஷம்தான் ஆகிறது.

திட்டம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். அதை அந்த ஊரில் எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். விபத்து நடந்தால் முதல் கேள்வி காற்று. வைகாசி முடிந்து மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் கதிர் மேகம் போகும் திசை வேறு, கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காலத்தில் வேறு. ராதாபுரம் பக்கம் காற்றாலை இறக்கை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்தே பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். எல்லா ஊரையும் ஒரேயடியாகக் கிளப்புவது பாதுகாப்பு ஆகாது. ஃபுக்குஷிமா மாகாணத்தில் அவசரமாக வெளியேற்றியதிலும் பிறகு முகாம் வாழ்க்கையிலும் இறந்தவர்கள் 2,000-க்கு மேல், பெரும்பாலும் வயதானவர்கள். வெளியேற்றுவதும் ஒரு மருந்து, அதற்கும் டோஸ் உண்டு. பல நேரங்களில் கான்கிரீட் வீட்டுக்குள் கதவடைத்து ஒரு நாள் இருப்பதே நல்லது. ஓலைப்புரையில் இருப்பவருக்கு அந்த வீடு எது என்று முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டாவது சாப்பாடு. 1986-இல் செர்னோபில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிள்ளைகளின் தைராய்டைக் கெடுத்தது பெருமளவு பால்தான். கதிர் வீசும் அயோடின் 131 புல்லில் விழுந்து, மாட்டுக்குள் போய், பாலில் வந்தது. குடிக்காதே என்று நேரத்துக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே பாலோடு பதநீரையும் சேர்க்கவேண்டும். பனை உச்சியில் வாய்திறந்து தொங்கும் கலயம், அன்றன்றைக்கே குடிக்கும் பானம். அயோடின் 131 எட்டு நாளில் பாதியாகும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த வாரத்துப் பதநீரைக் குடிக்கக்கூடாது. கருப்பட்டியாகக் காய்ச்சி மூன்று மாதம் வைத்தால் அயோடின் போய்விடும். சீசியம் 137 போகாது, அதற்குப் பாதியாகவே 30 வருஷம். அதனால் அளந்து பார்த்துத்தான் விற்கவேண்டும். மணலில் காயும் கருவாட்டுக்கும் இதே விதி. இந்த நாலு வரி திசையன்விளைப் பக்கத்துப் பனையேறிக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது மாத்திரை. பொட்டாசியம் அயோடைடு தைராய்டை முன்கூட்டியே நிரப்பிவிடும், கதிர் அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது. சீசியத்துக்கு இது எதுவும் செய்யாது. 12 வயதுக்கு மேல் 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பிறந்த பிள்ளைக்கு 16. பொட்டாசியம் அயோடேட்டு மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு 170. மேகம் வருவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்து வந்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் முழுப் பலன், எட்டு மணி நேரம் வரை ஓரளவு, ஒரு நாள் கழித்துப் போட்டால் கெடுதல். நாற்பது தாண்டியவருக்குப் பலன் குறைவு, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும்தான் முதலில். இரண்டு மணி நேரக் கணக்கு என்றால் மாத்திரை தாலுகா ஆபீஸ் பீரோவில் இருந்து பயனில்லை. சுவிட்சர்லாந்தில் உலையிலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வீடுகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவைத்திருக்கிறார்கள். கொடுத்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்பது இங்கே அடிக்கடி கேட்கிற பதில். வீட்டில் தீயணைப்பான் வைத்தால் யாரும் பயப்படுவதில்லை. தகரப் பெட்டியில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில், காலாவதித் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, எந்த வயசுக்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு தாளோடு கொடுத்தால் போதும்.

வீட்டில் கொடுத்தாலும் ஒரு கூட்டம் விட்டுப்போகும். கூத்தங்குழியிலும் பெருமணலிலும் உவரியிலும் இருட்டோடு வள்ளம் இறக்கிவிடுவார்கள். சேதி சொல்ல ஊரில் கோயில் மணி இருக்கிறது, அது கரையோடு சரி. செல்போன் சிக்னல் கொஞ்ச தூரம் போனதும் விட்டுவிடும். கடலில் இருப்பவனுக்கு இரண்டு விஷயம் வேண்டும்: கரைக்கு வரலாமா வேண்டாமா என்று சொல்கிற ஒரு வயர்லெஸ் குரல், இன்னின்ன காற்றடித்தால் இன்ன துறையில் ஏறு என்கிற முன்னேற்பாடு. கச்சான் அடிக்கிறபோது உலைக்கு மேற்கே இருக்கிற துறை பத்திரம், கொண்டலில் கிழக்கே. வள்ளத்தில் டீசல் கேனுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியும் பேட்டரி லைட்டும் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாத்திரை அட்டையை அதற்குள் போட்டு, மூடியின் உள்பக்கம் காற்றுக்கு ஒரு துறை என்று எழுதி ஒட்டவேண்டும்.